இருபது எம்.எம். உருண்டைக் கம்பி

பிப்ரவரி 3

கம்பிக் கிடங்குப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

ஐயா,

ஆற்றின் குறுக்கே நாங்கள் கட்டும் நடைபாலத்துக்குக் கம்பி தேவைப்படுகிறது. இரண்டு கரைக்கும் நடுவே வடம் கட்டியாயிற்று. வடத்திலிருந்து தொங்கு கம்பிகள் இறக்கி, அவற்றின் அடியில் பலகை போட வேண்டும். தொங்கு கம்பி உருண்டையாக, இருபது எம்.எம். தடிமனில் இருக்கும். மேல்முனையை வளையமாக வளைத்து வடத்தில் மாட்டுவோம். கீழ்முனையில் மரை வெட்டி நட்டுப் போடுவோம்.

எந்த இரும்பு என்பதுதான் கேள்வி. பலம் கூடியதாகவே போட்டுவிடலாம் என்று கார்பன் அதிகமுள்ள கம்பியைக் குறித்து வைத்திருக்கிறேன். என் மேலதிகாரி துருப்பிடிக்காத ஸ்டீல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். கிடங்கின் கருத்தைத் தெரிவிக்கவும்.

கிடங்கில் வேறு யாருக்காவது விஷயம் தெரியும் என்றால் அவருக்கே எழுதியிருப்பேன். தெரியாது என்பதால் உங்களுக்கு எழுத வேண்டியதாயிற்று. இதை வேறு விதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே போன் எடுக்காது. சாமான் லாரிதான் வாரம் ஒருமுறை கடிதங்களைக் கொண்டுவருகிறது, கொண்டுபோகிறது.

இப்படிக்கு,
பாலப் பணிப் பொறியாளர்

அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இது அலுவல் சம்பந்தப்பட்டதல்ல. பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.


பிப்ரவரி 12

பொறியாளர் அம்மையீர்,

உங்கள் கடிதம் கிடைத்தது. உள்ளே "ஐயா" என்று இருந்ததைப் பார்த்ததும், எனக்கு வந்த கடிதமாக இருக்காது என்று முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டேன். அவர் படித்துவிட்டு, "யோவ், உன் பெண்டாட்டிதான்யா எழுதியிருக்கு, எடுத்துட்டுப் போ" என்றார். கிடங்கே சிரித்தது. சிரிக்கட்டும்.

கேள்விக்கு வருகிறேன். கார்பன் கூடிய கம்பி வேண்டாம். பலம் அதிகம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை வளையமாக வளைத்தால் வெளிப்பக்கத்தில் மயிரிழை போல விரிசல் விழலாம். மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மலையில் குளிர் வேறு. தாங்குகிற வரை தாங்கிவிட்டு, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பட்டென்று உடையும். கார்பன் குறைந்த சாதாரண எம்.எஸ். கம்பி அப்படியில்லை. பாரம் கூடினால் முதலில் நீளும், பெயிண்ட் உரியும், பார்க்கிறவர் கண்ணில் படும். மாற்றுவதற்கு அவகாசம் கிடைக்கும்.

உன் மேலதிகாரி சொல்கிற ஸ்டீலில் மரையும் நட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டால் அப்புறம் ரம்பம் போட்டுத்தான் எடுக்க வேண்டும். எம்.எஸ். போட்டு, துத்தநாகப் பெயிண்ட் இரண்டு கை அடித்தால் போதும்.

அம்மாவுக்கு வலி பரவாயில்லை. "ஒழுங்கா சாப்பிடுறாளான்னு கேளுடா" என்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கேட்டுவிட்டேன்.

கிடங்குப் பொறுப்பாளர்


பிப்ரவரி 20

ஸ்டோர்காரரே,

"சொல்லாமல் கொள்ளாமல்" என்பதற்கு அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். கம்பியைப் பற்றி எழுதுகிறவர் எவராவது அடிக்கோடு போடுவாரா?

நான் சொல்லாமல் கொள்ளாமல் வரவில்லை. மாதக்கணக்கில் சொன்னேன். சாப்பிடும்போது சொன்னேன், துணி மடிக்கும்போது சொன்னேன், உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோதுகூடச் சொன்னேன். அந்தப் பாலத்துக்கு ஸ்டோர் ஆளும் தேடுகிறார்கள், இரண்டு பேருமாகப் போய்விட்டு வரலாம் என்றேன். "பார்க்கலாம்" என்றீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டு வருகிற பார்க்கலாம். அதை நம்பிக் காத்திருந்தால் ஆறே வற்றிப்போகும். கிளம்பின அன்று உங்களைத் தேடிக் கிடங்குக்கு வந்தேன். நீங்கள் கம்பி அடுக்கின் பின்னால் போய் எதையோ எண்ணிக்கொண்டிருந்தீர்கள். எண்ணவில்லை என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால்தான் வீட்டுச் சாவியை அத்தையிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

போகட்டும். தொங்கு கம்பிக்கு எம்.எஸ். என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேலதிகாரியையும் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். ஆனால் வடத்தைக் கரையில் நிரந்தரமாகப் பிடித்து நிறுத்தும் பின்களுக்குக் கடினமான கம்பிதான் வேண்டும். அதுவும் இருபது எம்.எம்.மிலேயே அனுப்பவும்.

என் கொட்டகை அக்கரையில் இருக்கிறது. லாரி இக்கரையோடு நின்றுவிடும். ஆட்களும் கம்பியும் வருவது படகில். கடிதமும் சில்லறைச் சாமானும் கயிற்றில் ஓடுகிற ஒரு கூடையில் வரும். உங்கள் கடிதமும் அப்படித்தான் வந்தது, வெங்காயத்தோடு. கம்பி பற்றிய பகுதியை இரண்டு தடவை படித்தேன். அத்தை எட்டிப் பார்த்த பகுதியை எத்தனை தடவை என்று சொல்ல மாட்டேன்.

சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.


மார்ச் 1

இன்ஜினியரம்மாவுக்கு,

இரண்டு வகை இரும்பையும் ஒரே தடிமனில் ஒரே இடத்துக்கு அனுப்பக்கூடாது. பின்னுக்கு இருபத்திரண்டு எம்.எம். வாங்கிக்கொள் என்று எழுத நினைத்தேன். துளைகளை ஏற்கெனவே போட்டிருப்பாய், சொன்னாலும் கேட்க மாட்டாய். கேட்டபடியே அனுப்புகிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். எம்.எஸ். கம்பியின் ஒரு முனையில் பச்சை அடித்திருக்கும். கடினமானதற்கு மஞ்சள். மற்றபடி இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, தோற்றத்தில் வித்தியாசமே இருக்காது. வெட்டும்போது எப்போதும் பெயிண்ட் இல்லாத முனையிலிருந்துதான் வெட்ட வேண்டும். நிறம் கடைசித் துண்டில் கடைசி வரைக்கும் நிற்க வேண்டும். நிறத்தை வெட்டி எடுத்துவிட்டால் மிச்சக் கம்பி இன்னதென்று அதைப் பெற்றவனாலும் சொல்ல முடியாது. கம்பி வெட்டுகிற உன் பிட்டரிடம் சொல்லி வை.

அன்றைக்கு நான் எண்ணவில்லைதான். நீ கைப்பையோடு வாசலில் நின்றதைப் பார்த்தேன். வெளியே வந்தால் போகாதே என்று சொல்லிவிடுவேன், சொன்னால் நீ நின்றுவிடுவாய், நின்றதற்காக வாழ்நாள் முழுவதும் என்னைக் குத்திக் காட்டுவாய் என்று தோன்றியது. கூடவே வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. பதினெட்டு வருஷமாக அந்தக் கிடங்கைத் தவிர வேறெதையும் நான் நினைத்ததில்லை.

வீட்டில் உன் பக்கத்து அலமாரிக் கதவு சரியாக மூடாது, நினைவிருக்கிறதா? தானாகத் திறந்துகொள்கிறது. சரி செய்யலாம், ஒரு கீல்தான். அது திறக்கிற சத்தம் கேட்டால் நீ எதையோ எடுக்கிறாய் என்று ஒரு நொடி நினைத்துக்கொள்கிறேன். அதனால் சரி செய்யவில்லை.

அம்மா உன் தலையணையைத் தன் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். நான் கேட்டால் தர மாட்டேன் என்கிறாள்.


மார்ச் 14

உங்களுக்கு,

வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன். நீங்கள் பயந்தது நடந்துவிட்டது.

பிட்டர் நல்லவர்தான். ஆனால் பெயிண்ட் இருந்த முனை வெட்டும் இயந்திரத்தின் பக்கமாக இருந்திருக்கிறது. அவர் பாட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வெட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வடத்தின் இழுவிசை பார்க்க மேலே போயிருந்தேன். வந்து பார்த்தால் நிறமில்லாத ஆறு துண்டுகள் மொட்டையாகக் கிடக்கின்றன. பச்சையா மஞ்சளா யாருக்கும் தெரியவில்லை. பாலத்துக்கு இன்னும் வேண்டியது சரியாக அந்த ஆறு தொங்கு கம்பிதான்.

எது எந்த இரும்பு என்று தெரிய, கிரைண்டரில் பிடித்துத் தீப்பொறி பார்த்தேன். என் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. தீப்பொறி பார்ப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்று மேலதிகாரியிடமும் சொல்லியிருக்கிறேன். யாராவது வந்து பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். லாரியில் முன்சீட்டில் இடம் இருக்கிறதாம். டிரைவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

இன்னொன்று. இதே ஆற்றில் இன்னும் மேலே, இரண்டு நாள் பயண தூரத்தில், அடுத்த பாலம் கட்டப் போகிறார்கள். என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் மேலதிகாரி. இரண்டு வருஷ வேலை. நடுவில் லீவு கிடையாது. ஏப்ரல் நடுவில் அவர் இங்கே வரும்போது கையெழுத்துப் போட வேண்டும். இந்த வேலையை நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் காகிதத்தைக் கையில் வாங்கியதும் ஒரு கரையில் மட்டும் கட்டின வடம் மாதிரி இருக்கிறது எனக்கு.

என்ன செய்யட்டும்? நீங்கள் சொல்லுங்கள். கம்பியைப் பற்றியும் சொல்லுங்கள்.


மார்ச் 23

இன்ஜினியரம்மாவுக்கு,

பிட்டரைத் திட்டாதே. எங்கள் கிடங்கிலேயே இரண்டு தடவை நடந்திருக்கிறது.

தீப்பொறியை வெயிலில் பார்க்காதே, நிழலில் பார். கிரைண்டரில் மெதுவாக அழுத்து. எம்.எஸ். என்றால் பொறி நீளமாக, நூல் நூலாக ஓடும், நுனியில் அதிகம் பிரியாது. கார்பன் கூடினது குட்டையாக ஓடி, வழியெல்லாம் பூப்பூவாக வெடிக்கும். பக்கத்திலேயே பச்சை முனைத் துண்டு ஒன்றைப் பிடித்து ஒப்பிட்டுப் பார்.

அப்படியும் மனதுக்குத் திருப்தி வராவிட்டால் ஆறையும் ஒதுக்கி வைத்துவிடு. சந்தேகப்பட்ட கம்பி மனுஷர் நடக்கிற பாலத்தில் தொங்கக்கூடாது. அளவை எழுதி அனுப்பு, புதிதாக ஆறு வெட்டி அனுப்புகிறேன்.

அடுத்த பாலத்தைப் பற்றி நான் என்ன சொல்வது? உன் திறமைக்குக் கிடைத்தது. உன் இஷ்டம். இங்கே எல்லாரும் நலம். அம்மாவும் சந்தோஷப்பட்டாள்.


ஏப்ரல் 1

ஸ்டோர்காரரே,

அத்தை சந்தோஷப்பட்டாள் என்பது பொய். அத்தை இதே லாரியில் எனக்குத் தனியாக நாலு வரி எழுதியிருக்கிறாள். "இவன் உன் கடுதாசியை மடிச்சு மடிச்சு கிழிச்சே போட்டான். சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னுகூட தெரியாம முழுங்குறான். நீ ரெண்டு வருஷம் போறேன்னா நான் இவனோட என்ன பேசுறது, கம்பிய பத்தியா?" என்று கேட்கிறாள்.

எனக்குத் தீப்பொறி பார்க்கத் தெரியாதா? நம் இரண்டு பேருக்கும் பழக்கம் ஏற்பட்டதே உங்கள் கிரைண்டர் முன்னால்தானே? வாங்க வந்த கம்பியை விட்டுவிட்டு, "இது என்ன, அது என்ன" என்று பொறியைப் பார்த்துக்கொண்டு நின்றவள்தானே நான்? நீங்களும் சலிக்காமல் ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினீர்கள். அந்த ஆறு துண்டில் எது பச்சை, எது மஞ்சள் என்று இங்கே கிரைண்டரில் பிடித்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு எம்.எஸ்., இரண்டு கடினம். உங்களுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று. தெரிந்துகொண்டே பக்கம் நிறையப் பாடம் எழுதி அனுப்பினீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் ஆளைக் கேட்டேன். நீங்கள் செய்முறை அனுப்பினீர்கள்.

பிட்டர் மேல் தப்பில்லை. இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெயிண்ட் முனை இயந்திரத்தின் பக்கம் எப்படி வந்தது தெரியுமா? கம்பி வந்திறங்கினபோது அது சரியாகத்தான் இருந்தது. நான்தான் ஆள் வைத்து அடுக்கைத் திருப்பிப் போடச் சொன்னேன். என் கொட்டகை வாசலில் உட்கார்ந்தால் முனைகள் வரிசை வரிசையாகப் பச்சையும் மஞ்சளுமாகத் தெரியட்டும் என்று. உங்கள் கிடங்கில் நடைவழியிலிருந்து பார்த்தால் அப்படித்தானே இருக்கும்? காலையில் காப்பிக் கோப்பையோடு அதைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். அடுக்குக்குப் பின்னாலிருந்து இருமிக்கொண்டே நீங்கள் வருவீர்கள் என்பது போல இருக்கும். படித்த பொறியாளர் செய்கிற காரியமா இது? அந்தப் பக்கம்தான் வெட்டும் இயந்திரம் இருக்கிறது என்பதே எனக்கு உறைக்கவில்லை.

ஆறையும் ஒதுக்கிவிட்டேன். எனக்குத் தெரிந்தாலும் ஒதுக்குவதுதான் முறை, அதில் நீங்கள் சொன்னது சரி. அளவைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். மழை ஆரம்பித்துவிட்டது. மேலதிகாரி பன்னிரண்டாம் தேதி வருகிறார்.

எனக்கு நீங்கள் வேண்டும். இதற்கு மேல் எளிமையாக எழுத எனக்குத் தெரியவில்லை.


ஏப்ரல் 14, இக்கரையிலிருந்து

நான் வந்துவிட்டேன். ஆற்றில் வெள்ளம். படகுக்காரர் தண்ணீர் வடியாமல் துடுப்பைத் தொட மாட்டேன் என்கிறார். தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன், இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. அதனால் இந்தக் கூடையில் வைக்கிறேன். வடத்துக்குக் கீழே மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நிற்பது நீதானே? வேறு யாரும் ஆற்றைப் பார்த்து அப்படி முறைக்க மாட்டார்கள். இளைத்துவிட்டாய். சாப்பிடுகிறேன் என்று எழுதினது பொய்.

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதத் தினமும் உட்கார்ந்தேன். "எனக்கும்" என்று ஆரம்பிப்பேன். அடுத்த வரியில் கம்பி வந்துவிடும். எனக்கு வேறு பாஷை தெரியவில்லை. லாரி ஒரு நடை போய்விட்டது. கடைசியில் அம்மா தாளைப் பிடுங்கிக் கசக்கிப் போட்டுவிட்டு, "எழுதினது போதும், கிளம்புடா. வந்தா ரெண்டு பேரா வாங்க, இல்லேன்னா ரெண்டு பேரும் அங்கேயே இருங்க. தனியா வந்தா கதவைத் திறக்க மாட்டேன்" என்றாள். அக்கா வந்து அம்மாவோடு இருக்கிறாள்.

ஆறு கம்பியையும் நானே வெட்டி, மரை போட்டு, நானே தீப்பொறி பார்த்து, நானே பச்சை அடித்து, வழி முழுக்க என் காலடியில் வைத்துக்கொண்டு வந்தேன். டிரைவர் கால் நீட்ட இடமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

பதில் போடு. கூடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.


அதே நாள், அக்கரையிலிருந்து

முறைக்கவில்லை. அழுகிற முகம் தூரத்திலிருந்து பார்த்தால் உங்களுக்கு எப்போதும் முறைக்கிற மாதிரித்தான் தெரியும்.

முந்தாநாள் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போன வாரம் லாரி வந்தது. கூடை என் கரைக்கு வரும் வரை நின்று பார்த்தேன். எல்லாருக்கும் கடிதம் இருந்தது, எனக்கு இல்லை. இதுதான் உங்கள் பதில் என்று நினைத்தேன். மேலதிகாரி பேனாவை நீட்டினார். போட்டுவிட்டேன். அவர் காகிதத்தோடு மலைப்பாதை வழியே போயும்விட்டார். இந்தப் பாலம் முடிந்த மறுவாரம் நான் மேலே போக வேண்டும். இரண்டு வருஷம். மாற்ற முடியாது. உண்மையைச் சொன்னால், மாற்ற முடிந்தாலும் மாற்றுவேனா என்று தெரியவில்லை. எனக்கு அந்தப் பாலமும் வேண்டும்.

உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்கள் வந்ததே போதும் என்று எழுத நினைத்தேன், ஆனால் போதாது. பக்கத்தில் வர முடியாமல் இப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது, வராமலே இருந்ததைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

கம்பிகளைக் கயிற்றில் கட்டி அனுப்புங்கள். லாரி சாயங்காலத்துக்குள் திரும்பிவிடும். மழை வலுத்தால் பாதை மூடிவிடும், அப்புறம் பல நாள் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். கிடங்கில் முதலாளி தேடுவார். அந்த லாரியிலேயே போய்விடுங்கள். அத்தையிடம் நான் எழுதிச் சமாதானம் சொல்கிறேன், கதவைத் திறப்பாள்.


அதே நாள், இக்கரையிலிருந்து

கம்பி ஆறும் கட்டியாயிற்று. மரை சிதையாமல் இருக்கச் சாக்குச் சுற்றியிருக்கிறேன். மெதுவாக இழுக்கச் சொல்.

முதலாளி தேட மாட்டார். கிளம்பும் முன்பே கிடங்குச் சாவியை அவர் மேஜையில் வைத்துவிட்டேன். "எப்பய்யா திரும்புவே?" என்றார். என் பெண்டாட்டி திரும்பும்போது என்றேன். இதை முதல் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எழுதாமல் விட்டேன்.

மேலே கட்டுகிற பாலத்துக்கும் கம்பி வரும். அதை இறக்கி வைக்க, அடுக்க, வெட்டிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த வேலை காலியாக இருக்கிறதா என்று கேட்டுச் சொல். இல்லையென்றாலும் சொல், அங்கே சும்மா இருந்து பழகிக்கொள்கிறேன்.

லாரி போய்விட்டது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நான்தான் போகச் சொன்னேன்.